இஞ்ச் டேப்போடு வந்த அக்கா

டிசம்பரில் டெய்லர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கடைசியாகப் புதுத்துணி கிடைக்கும்.

பாடி திருவல்லீஸ்வரர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு முதல் மாடி வீட்டில் மெஷின் போட்டிருக்கும் அந்த அக்கா வீட்டிலும் இதுதான் கதை. அக்கம்பக்கத்தில் அவருக்கு ‘டெய்லர் அக்கா’ என்றே பெயர். தீபாவளிக்கு முன்னால் பிடிக்கும் பிளவுஸ், சுடிதார் வேலை பொங்கல் வரை விடாது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, 24-ம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தன் மகளின் சுடிதாருக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பார்.

2023 கிறிஸ்துமஸுக்கு அவர் கடைசி நேரத்தில் தைத்தது ஒரு புத்தகத்துக்குச் சட்டை. தைத்து முடிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. தைக்கலாம் என்று மனசு வருவதற்கு இருபது நாள் ஆனது.

அந்த இருபது நாள் கதை டிசம்பர் 4-ம் தேதி, திங்கட்கிழமை தொடங்கியது. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் நின்று கொட்டித் தீர்த்த நாள் அது. பாடியில் டெய்லர் அக்கா வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். மாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, கொரட்டூரில் தரைத்தளத்தில் குடியிருக்கும் அவருடைய தம்பி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஃபிரிட்ஜ், மெத்தை, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் மிதந்தன.

கரன்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. தம்பி குடும்பம் வில்லிவாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டார். அக்காவோ மாமாவோ எப்படியும் வந்துவிடுவார்கள் என்று தம்பி நினைத்துக்கொண்டார். அவர் குடும்பத்தோடு மேல்வீட்டுக்காரர்களின் ஹாலில் மூன்று ராத்திரி படுத்திருந்தார். நாலாம் நாள் போன் கிடைத்ததும் அக்கா பதறிப்போய்ப் பேசினார்.

“தண்ணி வடிஞ்சிருச்சுக்கா. இனிமே வந்து என்ன செய்யப்போற?” என்றார் தம்பி.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவும் போகவில்லை, தம்பியும் பேசவில்லை. அக்கா மகளும் தம்பி மகளும் மட்டும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருநாள் வந்த போட்டோ ஒன்றை மகள் அம்மாவிடம் காட்டினாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு தடித்த புத்தகம் விசிறிபோல விரித்து நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் டேபிள் ஃபேன். அவர்களுடைய அம்மாவின் பைபிள்.

அம்மா கடைசிக் காலத்தில் தம்பி வீட்டில் இருந்தவர். அவர் போன பிறகும் பைபிள் அங்கேயே இருந்தது. போட்டோவைப் பார்த்த அக்கா எதுவும் சொல்லாமல் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊருக்குப் போவதாகத்தான் அந்த வருஷத் திட்டம். ஊர், தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். 1960-களில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. அப்படி ஓர் ஆலையில் வேலை கிடைத்துத்தான் அக்காவின் அப்பா தெற்கேயிருந்து இங்கே வந்தார். பிள்ளைகள் பாடி, கொரட்டூர் என்று இங்கேயே தங்கிவிட்டார்கள். அப்பாவின் மூத்த சகோதரியும் கல்யாணமாகி ஆவடிக்கு வந்துவிட்டார். ஆனாலும் ஊரில் பெரியப்பா வீடு இருக்கிறது. ஊருக்குப் போய்விட்டால் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அக்காவுக்கு இருந்தது.

அந்த நிம்மதியையும் மழை கெடுத்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நாசரேத்துக்கும் அதே பாதைதான். ஊர்ப் பயணம் ரத்து.

சேதி தெரிந்ததும் ஆவடியிலிருந்து அத்தை போன் செய்தார். “ஊருக்குத்தான் போகலியே? அப்போ 25-ம் தேதி மத்தியானச் சாப்பாடு இங்கதான். தம்பியையும் கூட்டிட்டு ஒண்ணா வந்துருங்க.”

தம்பியையும் கூட்டிக்கொண்டு! அக்கா “சரி அத்தை” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக முடியாது. 24-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து, வாடிக்கையாளர்களின் கடைசி மூன்று பிளவுஸைக் கொடுத்து முடித்தபோது மணி மதியம் ஒன்று. கணவரைக் கூட்டிக்கொண்டு பாடி சரவணா ஸ்டோர்ஸுக்குப் போனார். எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

தம்பி வீட்டுக்கு பெட்ஷீட் வாங்கலாமா? வெள்ளம் வந்த வீட்டுக்கு பெட்ஷீட் கொண்டுபோனால் நிவாரணம் கொடுப்பதுபோல இருக்கும். பாத்திரம்? அதுவும் அப்படித்தான். அரசு கொடுத்த 6,000 ரூபாயை ரேஷன் கடையில் டோக்கனோடு வரிசையில் நின்று தம்பி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்காவும் வந்து அந்த வரிசையில் சேர வேண்டுமா? விலை கூடினது வாங்கினால் பெருமைக்கு வாங்கியதாகத் தோன்றும். விலை குறைந்தது வாங்கினால் இவ்வளவுதானா என்று தோன்றும். உறவு சரியாக இருக்கும்போது ஒரு டப்பா அல்வாகூடப் போதும். மனசு முறிந்திருக்கும்போது கடையில் இருக்கும் எந்தப் பொருளுமே பொருந்துவதில்லை.

நூல்கண்டு இரண்டு, வெள்ளை நாடா ஒரு முழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார்: எல்லாருக்கும் தைத்தே கொடுத்துவிடலாம்.

“இனிமேலா? மணி மூணாச்சு” என்றார் கணவர். பிறகு அவரே, “பரவாயில்ல. ராஜாக்களே லேட்டாத்தானே வந்தாங்க” என்று சிரித்தார். குழந்தை இயேசுவைப் பார்க்கப் பரிசோடு வந்த ஞானிகளைத்தான் சொன்னார். சபைகள் அவர்கள் வந்ததைக் கொண்டாடுவது ஜனவரி 6-ம் தேதி.

முதலில் அத்தைக்கு. எண்பதை நெருங்கும் அத்தை வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அந்த வாக்கரில் ஒரு மஞ்சப்பை எப்போதும் தொங்கும். கண்ணாடி, செல்போன், மாத்திரை எல்லாம் அதற்குள்தான். போன் அடித்தால் பையின் அடிவரை துழாவி எடுப்பதற்குள் நின்றுவிடும். அதற்குப் பதிலாக வாக்கரின் முன்கம்பியில் கட்டுகிற மாதிரி மூன்று அறை வைத்த ஒரு பை. கண்ணாடிக்கு ஆழமான அறை, போனுக்கு மேலே தெரிகிற மாதிரி ஒன்று, மாத்திரைக்கு மூடி வைத்தது. பழைய ஜீன்ஸ் துணியில் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்து தம்பியின் இரண்டு பிள்ளைகளுக்கு. வெள்ளத்தில் பென்சில் பாக்ஸ் போனதாக மகள் சொல்லியிருந்தாள். வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணிகளில் கலர் பார்த்துச் சேர்த்து, ஜிப் வைத்து இரண்டு பவுச். அதற்கு ஒரு மணி நேரம்.

அதற்குள் அடுப்பில் வேலை நின்றுபோயிருந்தது. முந்திரிக்கொத்து மட்டும் முந்தின நாளே ஆகியிருந்தது. அச்சு முறுக்குக்கு மாவு கரைத்து வைத்தது அப்படியே இருந்தது. தீபாவளிக்குக் கொடுத்த தட்டைத் திருப்பி வாங்க மேலே வந்த கீழ்வீட்டு அம்மா நிலவரத்தைப் பார்த்தார். “மாவை இப்படிக் குடுங்க டெய்லரக்கா. நான் சுட்டுத் தர்றேன்” என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அச்சு முறுக்கு புதுசு. பத்து நிமிஷத்தில் அவருடைய பையன் ஓடிவந்தான்: “அச்சுல இருந்து மாவு வர மாட்டேங்குதாம் ஆன்ட்டி!”

“அச்சை எண்ணெயில நல்லா காயவிடணும்டா. அப்புறம் முக்கால்வாசிதான் மாவுல முக்கணும். முழுசா முக்கினா மேல மூடிக்கும், கழலாது” என்று மெஷினில் இருந்தபடியே பாடம் நடந்தது.

கடைசியாக அந்தப் புத்தகம்.

பைபிளுக்குத் துணி உறை தைப்பது டெய்லர் அக்காவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரே நீளத் துணி. அட்டை இரண்டும் முதுகும் சேர்ந்த அகலம். இரண்டு பக்கமும் மூன்று இஞ்ச் உள்ளே மடித்தால் அட்டை சொருக இடம். உள்ளே கேன்வாஸ், லைனிங். அம்மாவின் பைபிளுக்கு முன்பு இரண்டு தடவை தைத்திருக்கிறார். உயரம் ஒன்பது, அகலம் ஆறு, தடிமன் ஒன்றரை. அளவு இன்னும் மனப்பாடம்.

பீரோவில் இருந்து அம்மாவின் சுங்குடிச் சேலையை எடுத்தார். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை ‘கோயிலுக்கு’ அம்மா கட்டியது. தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் சர்ச்சையும் கோயில் என்றே சொல்வார்கள். “அதையா வெட்டப்போற?” என்று கணவர் கேட்டார். அம்மாவின் ஞாபகமாக அக்காவிடம் இருந்தது அந்த ஒரு சேலைதான்.

கத்திரியை வைக்கப்போனவர் நிறுத்தினார். போட்டோவில் விரிந்து நின்ற அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. தண்ணீரில் ஊறி உப்பிய புத்தகம். அதன் தடிமன் இப்போது ஒன்றரை இஞ்ச் இருக்குமா? இருக்கவே இருக்காது. பழைய அளவில் வெட்டினால் உள்ளே போகாது. உத்தேசமாக வெட்டினால் தொளதொளவென்று நிற்கும். துணி ஒன்றுதான். தப்பாக வெட்டினால் மாற்று கிடையாது.

கடையில் வாங்குகிற பரிசில் இந்தச் சிக்கல் இல்லை. வாங்குபவருக்குப் பிடித்ததை வாங்கி, பேக் பண்ணி, வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். தைத்துக் கொடுப்பதென்றால் அளவு வேண்டும். அளவு வேண்டுமென்றால் கேட்க வேண்டும்.

மணி ஆறேகாலுக்கு அக்கா தம்பி மனைவியின் நம்பரை அழைத்தார். எடுத்தது தம்பி.

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அம்மா பைபிளைக் கொஞ்சம் அளந்து சொல்லுடா.”

“எதுக்கு?”

“சொல்லேன்.”

ஸ்கேல் தேடும் சத்தம் கேட்டது. “முதுகுப் பக்கம் ரெண்டு இஞ்ச் இருக்குக்கா. வாய்ப்பக்கம் மூணு, மூணே காலு வருது. ஒரு இடத்துல கூட, ஒரு இடத்துல குறைய... சரியாச் சொல்லத் தெரியல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீயே வந்து அளந்தாத்தான் சரியா வரும்.”

ஏழு மணிக்கு அக்கா ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். கையில் பலகாரம் இல்லை, பரிசு இல்லை. கழுத்தில் இஞ்ச் டேப். வீட்டில் மெஷினிலிருந்து எழுந்து வந்தபோது கழற்ற மறந்தது.

கொரட்டூர் வீட்டு வாசலில் பிள்ளைகள் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். உள்ளே பிளீச்சிங் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு பழுப்பு வரி எல்லா அறைகளையும் சுற்றி ஓடியது. அக்கா அந்த வரியைப் பார்த்தபடியே நின்றார். போனில் ‘இடுப்பளவு’ என்று கேட்டபோது அது ஒரு வார்த்தையாகத்தான் இருந்தது. தன் இடுப்புக்கு நேராகச் சுவரில் பார்த்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது.

“வாங்க மைனி” என்று தம்பி மனைவி சேர் எடுத்துப் போட்டார்.

“நடந்தாவது வந்திருக்கலாம்ல நீ” என்றார் தம்பி. கோபமாக இல்லை. இருபது நாளாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

டவர் இல்லை, கரன்ட் இல்லை, மாமியார் வீட்டில் இருப்பாய் என்று நினைத்தேன் என்று அக்காவிடம் பதில் இருந்தது. எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தச் சுவர் வரிக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“வந்திருக்கலாம்டா” என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. தம்பி உள்ளே போய்ப் பைபிளை எடுத்து வந்தார்.

ஈரப் புத்தகத்தை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லையாம். வெயிலில் வைத்தார்களாம். வெயிலில் தாள் நெளிந்து முறுக்கிக்கொண்டது. பிறகுதான் தம்பி மகள் யூடியூபில் பார்த்துச் சொன்னாள்: ஒட்டிய தாளைப் பிரிக்க அவசரப்படக் கூடாது, சில தாள்களுக்கு ஒரு டிஷ்யூ பேப்பர் வைத்து, ஈரம் உறிஞ்ச உறிஞ்ச மாற்ற வேண்டும், நியூஸ்பேப்பர் வைத்தால் மை ஒட்டிவிடும், வெயில் வேண்டாம், ஃபேன் காற்றுதான் சரி. பத்து நாள் மாறி மாறி எல்லாரும் டிஷ்யூ மாற்றியிருக்கிறார்கள். அக்கா வராத அந்த நாட்களில் இந்த வீட்டில் அதுதான் வேலையாக இருந்திருக்கிறது.

முன்பக்கத்தில் குடும்பப் பதிவு இருந்தது. பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் பைபிளின் முதல் தாளில் எழுதிவைப்பது பல கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். மேலே தாத்தா இங்க் பேனாவால் எழுதிய ஏழெட்டு வரிகள் நீலமாகக் கரைந்து ஒரே மேகமாகக் கிடந்தன. கீழே அம்மா பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை அப்படியே இருந்தன. இங்க் தண்ணீரில் கரையும். பால்பாயின்ட் மையில் எண்ணெய் இருப்பதால் சட்டென்று கரையாது. அதனால் அக்கா பிறந்த தேதியும் தம்பி பிறந்த தேதியும் தப்பித்துவிட்டன. தாத்தா பாட்டி கல்யாணம், அப்பா, அத்தை, பெரியப்பா பிறந்தது எதுவும் இல்லை.

“இதையெல்லாம் இனிமே யார்ட்ட கேக்க?” என்றார் தம்பி.

“ஆவடியில இருக்காங்களே” என்றார் அக்கா.

அளவு எடுத்தார். உயரம் ஒன்பது. அகலம் ஆறு. முதுகு இரண்டு. வாய்ப்பக்கம் மூன்றேகால். ஜிப் வைத்தால் நிற்காது. பின் அட்டையிலிருந்து முன்னால் மடிந்து வருகிற மாதிரி ஒரு மூடி, அதை இழுத்துக் கட்ட ஒரு நாடா. புத்தகம் நாளாக ஆகக் கொஞ்சம் அமுங்கும். அப்போது நாடாவை இறுக்கிக்கொள்ளலாம். பிளவுஸில் பின்னால் கயிறு வைப்பது இதே கணக்குதான்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தம்பி மனைவி விடவில்லை. இட்லியும் சாம்பாரும். தம்பி பைக்கில் கொண்டுவந்து பாடியில் இறக்கிவிட்டார். அப்போது மணி பத்து.

பிறகு மூன்று மணி நேரம் மெஷின் ஓடியது. உயரத்துக்குப் பத்தரை இஞ்ச், நீளத்துக்கு இருபத்தோரு இஞ்ச் வைத்துச் சேலையை வெட்டினார். முந்தானைப் பக்கமாகவே வெட்டினார். வெட்டியபோது கை நடுங்கவில்லை என்று பிறகு மகளிடம் சொன்னார். உள்ளே ஒரு சின்னப் பாக்கெட் வைத்தார். அதில் ஒரு புது பால்பாயின்ட் பேனா.

அதிகாலை ஆராதனைக்குக் கிளம்பியபோது தெரு முழுக்க மார்கழிக் கோலம். கீழ்வீட்டு அம்மா கோலமாவுக் கையோடு அச்சு முறுக்கு டப்பாவை எடுத்துக்கொடுத்தார். “முதல் பத்து உடைஞ்சிருச்சு. அதை நாங்களே தின்னுட்டோம். ஹேப்பி கிறிஸ்துமஸ்!”

பதினோரு மணிக்கு இரண்டு குடும்பமும் கொரட்டூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறின. பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர் தாண்டி ஆவடி. வழியெல்லாம் தம்பி மடியில் அந்தச் சுங்குடி உறை. தம்பி மகன் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக வந்தான்.

அத்தை புதுப் பையை உடனே வாக்கரில் கட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டார், எடுத்தார். போனை வைத்துவிட்டு, “யாராச்சும் எனக்கு போன் போடுங்களேன்” என்றார். மகள் போட்டாள். மூன்றாவது மணிக்குள் எடுத்துவிட்டார். அத்தை முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்!

சாப்பாடு முடிந்து கைகழுவி வந்ததும், தம்பி பைபிளைப் பிரித்து நீலம் கரைந்த பக்கத்தைக் காட்டினார். அத்தை தடவிப் பார்த்தார். “எங்க அப்பா எழுத்து” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அப்பா அம்மா கல்யாணம் எந்த வருஷம், எந்தக் கோயிலில், யார் யார் எப்போது பிறந்தது என்று தேதி மாறாமல் வந்தது. தன் பெயர் வரும்போது மட்டும் நின்றார்.

“என் வயசைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களாக்கும்?”

வீடே சிரித்தது. தம்பி உறையின் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

“நீ எழுதுக்கா. உன் எழுத்துதான் அம்மா எழுத்து மாதிரி இருக்கும்.”

நெளிந்த தாள் பேனாவுக்குக் கீழே எழும்பி எழும்பி வந்தது. தம்பி இரண்டு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அத்தை சொல்லச் சொல்ல, அக்கா எழுதினார்.